அந்தப் பாப்பாவைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கே?

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டேன். இப்போது வீட்டு ஹாலிலேயே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். மகளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததிலிருந்து முதுகில் தொங்குவாள். 'இரு, இதோ வரேன்' என்று சொல்லிச் சொல்லியே சாயங்காலம் ஆகிவிடும். போன வாரம், கிருஷ்ண ஜெயந்திக்குக் கொடுக்க வேண்டிய வெண்ணெய்த்தாழி கிருஷ்ணர் படத்தில் ஒட்டியிருந்த கற்களை நகத்தால் பிய்த்துவிட்டாள். கோபத்தில் அடித்துவிட்டேன். 'நீ அந்தப் பாப்பாவைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கே' என்று அழுதாள். மாமியாரோ, 'வீட்லதானே இருக்கே, குழந்தையைப் பார்த்துக்க முடியலையா?' என்கிறார். இதை விட்டுவிட்டு டிராயிங் டீச்சராகப் போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்தக் காரணத்துக்காகப் போக வேண்டாம். டீச்சரானால் வீட்டுக்கு நோட்டுக் கட்டு வரும். அப்போது உங்கள் மகள் அதைக் கிழிப்பாள்.

கிருஷ்ணரின் கன்னத்துக்கு நிழல் கொடுக்கும்போதும், கடைசியில் கண் எழுதும்போதும் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எதிரே நிற்கிற அவளுக்குத் தெரியும். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தை முகத்தை அவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாள். கூப்பிட்டால் 'ம்ம்' என்கிறாள், தலை நிமிர்வதில்லை. அவளுக்குப் பொறாமை வராமல் என்ன செய்யும்? ஆபீஸ் போகிற அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள், குழந்தையும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு விளையாடப் போய்விடும். கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்துகொண்டு கிடைக்காத அம்மாவை எப்படிச் சமாளிப்பது?

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் கைக்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அம்மா எதிரே உட்கார்ந்து, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டக் கூடாது. குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் மகள் கைக்குழந்தை இல்லைதான். ஆனால் அவளுக்கு நகம் இருக்கிறது!

அதற்காக நாள் முழுக்க அவளோடு விளையாட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா பக்கத்தில் இருக்க, குழந்தை தன் பாட்டுக்கு விளையாடுவது நல்ல விஷயம். தனியாக இருக்கும் திறனே அப்படித்தான் வளர்கிறது என்று டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1958-இல் எழுதினார். பிரச்சினை 'இதோ வரேன்' என்பதில்தான் இருக்கிறது. வருவீர்களா, மாட்டீர்களா என்று தெரியாததால்தான் அவள் முதுகை விட்டு இறங்குவதில்லை.

தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டும்போது பறந்துவிடாமல் இருக்க ஃபேனை நிறுத்துவீர்கள் இல்லையா? நுணுக்கமான எந்த வேலைக்கும் இனி அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் நின்றால் அம்மாவைக் கூப்பிடக் கூடாது, சுற்ற ஆரம்பித்தால் ஓடி வரலாம். 'அரை மணி நேரம்' என்றால் அவளுக்குப் புரியாது, ஃபேன் புரியும். கும்பகோணத்துப் புழுக்கத்தில் நீங்களும் அதை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க மாட்டீர்கள். முகம், ரேக்கு இரண்டையும் அவள் பள்ளியில் இருக்கும்போதே முடிந்தவரை முடித்துவிடுங்கள்.

அப்புறம், சாக் பவுடரும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பினால் அது காய்ந்தாக வேண்டும். அந்த நேரம் இப்போது யாருக்குப் போகிறது? பாதி அடுப்படிக்கு, மீதி வாட்ஸ்அப்பில் படம் கேட்கும் வாடிக்கையாளருக்கு என்று ஊகிக்கிறேன். அதில் இருபது நிமிடத்தை மகளுக்குக் கொடுங்கள். அவளை எதிரே உட்கார வைத்துப் பென்சிலால் வரையுங்கள். மூக்கு, புருவம், விழுந்த பல் இடைவெளி என்று எதையும் விடாமல், கிருஷ்ணரைப் பார்ப்பதுபோல அவளைப் பாருங்கள். அஞ்சு நிமிடத்தில் நெளிவாள், எழுந்து ஓடுவாள், ஓடட்டும். படம் முடியாவிட்டாலும் தேதி போட்டு வையுங்கள்.

அவளுக்கும் ஒரு சின்னப் பலகையும் மிச்சம் மீதிக் கற்களும் கொடுக்கலாம். ஆனால் 'இப்படி ஒட்டும்மா' என்று திருத்தப் போகாதீர்கள். அவள் பெரிய ஓவியராக வர வேண்டும் என்று யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பலகையில் துணி ஒட்டும் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கிறவர்கள் உண்டு. நீங்களும் சேர்ப்பவரானால், அது வயிற்றுக்குள் போனால் விஷம். அந்தப் பசை, வார்னிஷ், தின்னர் எல்லாம் உயரமான அலமாரியில், பூட்டுக்குள் இருக்கட்டும். அவளுக்கு வேறு கிண்ணத்தில் தனியாகக் குழைத்துக் கொடுங்கள்.

அடித்ததற்கு 'அம்மா அடிச்சிருக்கக் கூடாது' என்று ஒரு வரி சொன்னால் போதும். 'ஆனா நீயும்...' என்று நீட்ட வேண்டாம். கல்லைப் பிய்த்தது தப்பு என்பதை வேறொரு சமயம் சொல்லி, திரும்ப ஒட்டும்போது ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். 2007-08-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய கலை என்று அவரிடம் வாதாடிப் பயனில்லை. 'அத்தை, நாலிலிருந்து அஞ்சரை வரைக்கும் இவளை நீங்க வெச்சுக்குங்க, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று மணி சொல்லிக் கேளுங்கள். 'வீட்லதானே இருக்கே' என்பதைக் குழந்தை முன்னால் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன செய்கிறார்?

சில வாரம் இப்படிச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் அவள் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பி வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். படத்துக்குச் சொந்தக்காரரிடம் 'ரெண்டு நாள் தாமதமாகும்' என்று இன்றைக்கே போன் செய்துவிடுங்கள். அந்த அவசரமும் மகள்மேல்தான் வந்து விழும்.