இரண்டு பிள்ளைகளையும் பிரிக்க வேண்டாம்

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். எண்பத்துமூணு கலவரத்தில் எங்க அப்பா, அம்மா தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவங்க. நாங்க ரெண்டு பேரும் அங்கேதான் பிறந்தோம். நான் அத்தை மகனைக் கட்டி இங்கே வந்துட்டேன். அக்கா அங்கேயே இருந்து, 2006இல் சண்டை மறுபடி தொடங்கினப்போ மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் போய், தமிழ்நாட்டு முகாமில் இருந்தா. பிள்ளைங்க ரெண்டும் முகாமில் பிறந்ததுங்க. அத்தான் இடையில் விட்டுட்டுப் போயிட்டார். போன வருசம் அக்கா பிள்ளைகளோட திரும்பி வந்தா. வந்த கொஞ்ச மாசத்தில் நோயில் போயிட்டா.

இப்ப மூத்தவளுக்கு 14, சின்னவனுக்கு 9. எனக்கும் மூணு பிள்ளைங்க, ஒரே லயக் காம்பரா. இந்தியப் பிறப்புச் சான்றிதழை வச்சு ஸ்கூல் இடாப்பில் பேர் போட முடியாதுன்னு அதிபர் சொல்றார். மூத்தவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு விடலாம்னு ஒருத்தர் வந்து வந்து கேட்கிறார். சின்னவனை ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்ப்போம்னு வீட்டுக்காரர் சொல்றார். அவ பேசுறதே இல்லை. அவன் ரொட்டியைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கிறான், பாயை நனைக்கிறான். அன்னிக்குக் கிராம சேவகர் பைலோட வந்தப்போ, யாரும் கேட்காமலே வாசலில் நேரா நின்னு தன் பேரையும் தன் அக்கா பேரையும் சொன்னான். லயமே சிரிச்சுது. "முகாம் பிள்ளைங்க, நம்ம பிள்ளைங்க மாதிரி இல்ல"ன்னு பேசுறாங்க. நான் என்ன செய்யணும்?

— ஒரு சித்தி, பொகவந்தலாவை

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். மூத்தவளைக் கொழும்புக்கு அனுப்பாதீர்கள். சின்னவனை இல்லத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு பேரும் உங்களோடு, ஒரே வீட்டில் இருந்து, ஸ்கூலுக்குப் போக வேண்டும். ஒரு காம்பராவில் ஏழு பேர் படுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

வாசலில் நின்று பெயர் சொன்ன அந்தப் பையனிடமிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டு முகாம்களில் அதிகாரிகள் வந்து ஆள் கணக்கு எடுப்பார்கள். அன்றைக்குக் குடும்பத்தில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் இல்லை என்றாலும் கேள்வி வரும், அரசு கொடுக்கும் உதவிப் பணத்தில் கைவைப்பார்கள். பைலோடு ஒருவர் வந்தால் பெயர் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அம்மா இல்லாததால் அக்காவின் பெயரையும் அவனே சொல்லியிருக்கிறான். ஒன்பது வயதில் குடும்பத்தின் கணக்கைத் தன் தலையில் சுமக்கிற பிள்ளை அவன். லயத்தில் சிரித்தவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அவனிடமும் சொல்லுங்கள்: "இங்கே யாரும் உன்னை எண்ண வரமாட்டாங்க. நீ விளையாடப் போயிருந்தாலும் இது உன் வீடுதான்." ஒரு தடவை சொன்னால் நம்பமாட்டான். பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

ரொட்டியை ஒளிப்பதற்கு ஏசாதீர்கள். மூடி உள்ள ஒரு டின்னை அவனுக்கென்று கொடுத்து, தினமும் ஒரு ரொட்டியோ இரண்டு பிஸ்கட்டோ அதில் போட்டு வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டின் கொடுத்துவிட்டால் சண்டை வராது. நாளைக்கும் சாப்பாடு இருக்கும் என்று அவனுக்கு உறுதியானால் ஒளிப்பது தானாகக் குறையும். பாய் விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம்: நனைந்த பாயை எல்லோரும் பார்க்க வாசல் இஸ்தோப்பில் காயப்போடாதீர்கள். கீழே ஒரு ரப்பர் சீட் விரித்து, இரவில் படுக்கும் முன் வெளியே கூட்டிப் போங்கள். சில மாதங்களில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், உடம்பில் ஏதும் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூத்தவள் பேசாமல் இருப்பதைப் பற்றி எனக்குக் கவலை கூடுதல். பையன் கலங்கினால் எல்லோர் கண்ணிலும் படும். சத்தமில்லாத பெண்பிள்ளையை "நல்ல பிள்ளை, வேலை எல்லாம் செய்யுது" என்று விட்டுவிடுவார்கள். தாய் நோயில் கிடந்தபோது தம்பியைப் பார்த்தது அவள்தான் என்று நினைக்கிறேன். இப்போது உங்கள் மூன்று பிள்ளைகளையும் அவளிடமே விட்டு நீங்கள் மலைக்குப் போனால், அவளுக்கு அழக்கூட நேரம் கிடைக்காது. உங்கள் பிள்ளைகள் செய்கிற அளவு வேலை அவளும் செய்யட்டும், அதற்கு மேல் வேண்டாம். அம்மாவைப் பற்றிப் பேசு என்று நெருக்காதீர்கள். அக்காவும் நீங்களும் சின்ன வயதில் கிளிநொச்சியில் இருந்த கதைகளை நீங்களே பேசிக்கொண்டிருங்கள். அவள் கேட்பாள். ஒருநாள் அவளே ஏதாவது கேட்பாள்.

சாப்பிடாமலோ தூங்காமலோ நாள் கணக்கில் இருந்தால், அல்லது சாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும், காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அவள் எங்கே படுக்கிறாள் என்பதையும் இன்றே பாருங்கள். இதை எழுதக் கூச்சப்படமாட்டேன். 14 வயதுப் பிள்ளை உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் நடுவில் படுக்கட்டும். குடித்துவிட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரரே ஆனாலும், அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. இரவில் கக்கூசுக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் தனியே அனுப்பாதீர்கள். "உன்னை யாராவது தொட்டால், என்ன சொல்லிப் பயமுறுத்தினாலும் என்னிடம் சொல், நான் உன்னை நம்புவேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குக் கேட்க ஆளில்லை என்று நினைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்க ஆள் இருக்கிறது என்று லயத்துக்கே தெரியட்டும்.

இனி அந்தக் கொழும்பு வேலை. 2021இலிருந்து இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 16 வயது வரை பாடசாலைக் கல்வியும் கட்டாயம். அந்த ஆண்டு ஜூலையில்தான் நம் டயகமவைச் சேர்ந்த ஒரு பிள்ளை, தரகர் ஒருவர் மூலம் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய், எரிகாயங்களோடு 16 வயதில் இறந்தது. மலையகமே வீதிக்கு வந்தது. அதற்குப் பிறகும் தோட்டத்துக்குள் வந்து பிள்ளை கேட்கிறார்கள் என்பதை வாசிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. "பிள்ளை ஸ்கூலுக்குப் போகுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள். மறுபடி வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்குச் சொல்லுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் இல்லத்தைச் சொல்லவில்லை. அங்கே மூன்று வேளை சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறார். ஆனால் இந்த நாட்டில் சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது, வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல்களே சொல்கின்றன. இந்த இரண்டு பேருக்கும் தகப்பன் போய்விட்டார், பிறந்து வளர்ந்த இடம் போய்விட்டது, தாயும் போய்விட்டார். மிஞ்சியிருப்பது ஒருவருக்கு ஒருவர்தான்.

சரி, ஸ்கூல். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுக்கும் உதவாது என்பது சரியில்லை. பிள்ளையின் வயதுக்கும் பெற்றோர் யார் என்பதற்கும் அது ஆதாரம். இல்லாமல் இருப்பது இலங்கைக் குடியுரிமைப் பத்திரம். அதை எடுப்பது தனி வேலை, அது முடியும்வரை பிள்ளை இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. அதிபரோடு வாதாடாமல், ஹட்டன் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: குடியுரிமைப் பதிவு நடந்துகொண்டிருக்கிறது, அதுவரை பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. பிறப்புச் சான்றிதழ், வரும்போது தூதரகம் கொடுத்த பயணப் பத்திரம், முகாம் பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சான்றிதழ், அக்காவின் மரணச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வராதீர்கள்.

எந்தத் தரத்தில் சேர்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சிங்களம் தெரியாது என்பதற்காக மூத்தவளைச் சின்னப் பிள்ளைகளோடு ஆறாம் தரத்தில் உட்கார வைத்தால் அவள் ஒரு தவணைகூடத் தாங்கமாட்டாள். தன் வயதுப் பிள்ளைகளோடு ஒன்பதாம் தரத்தில் இருக்கட்டும். கணிதமும் விஞ்ஞானமும் அங்கே படித்ததுதான் இங்கேயும். வரலாறும் சிங்களமும் புதிது. லயத்தில் உயர்தரம் படிக்கிற ஒரு பெண்பிள்ளையைப் பிடித்து மாலையில் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். அவளுக்கு ஒரு தோழியும் கிடைப்பாள். சின்னவனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை என்று இப்போதே யாரும் நெருக்க வேண்டாம்.

குடியுரிமைக்கு வழி இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ இலங்கைக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் போதும், பதிவு செய்யலாம். அக்கா சென்னையிலிருக்கும் இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கவும் கூடும், அவருடைய பெட்டியை நன்றாகத் தேடிப் பாருங்கள். பதியவில்லை என்றால் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் தாழ்ந்த பதிவுக்கு ஒரு கட்டணம் வரும். அக்காவின் பிறப்புச் சான்றிதழும் திருமணப் பதிவும்தான் இதில் உயிர். "அக்காவே இந்திய வம்சாவளிதானே" என்று யாராவது இழுத்தால், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்த 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தையும், போரால் இந்தியா போனவர்களுக்காக 2009இல் அதற்கு வந்த திருத்தத்தையும் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வந்த குடும்பங்களின் பத்திர வேலைகளில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்கு நீண்ட அனுபவம். 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கியது அது. அவர்களை விசாரித்துப் பாருங்கள்.

கந்தோருக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்பது தெரியும். அதனால் பிரதேச செயலகத்துக்குப் போகிற நாளிலேயே அங்குள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலரையும் நன்னடத்தை அலுவலரையும் பார்த்துவிடுங்கள். நீதவான் நீதிமன்றம் மூலம் உங்களைப் பிள்ளைகளின் பொறுப்பாளராக, சட்டம் சொல்கிற "தகுதியான ஆள்" ஆக, நியமிக்கும்படி கேளுங்கள். அந்தக் கட்டளை கையில் இருந்தால், நாளைக்கு எந்தத் தரகரோ தூரத்துச் சொந்தமோ வந்து பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. வறிய பிள்ளைகளுக்கு இருக்கிற உதவித்தொகைகளையும் அவர்களிடமே கேளுங்கள். அரசின் அஸ்வெசும உதவிப் பணம் எடுக்கிறீர்கள் என்றால் இந்த இரண்டு பேரையும் குடும்ப விபரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நீதிமன்றம் என்றதும் மூத்தவள் பயப்படுவாள். எதற்குப் போகிறோம், என்ன கேட்பார்கள் என்று முதல்நாளே உட்கார்த்திச் சொல்லி, உங்களோடு இருக்க விருப்பமா என்று அவளையும் கேளுங்கள்.

அப்புறம், "நம்ம பிள்ளைங்க மாதிரி இல்ல" என்ற அந்தப் பேச்சு. உங்கள் லயத்துப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1977 ஆகஸ்டில் அடிபட்டு, ஒரு துணி மூட்டையோடு வவுனியாவுக்குப் போனவர்கள் யார்? இந்தத் தோட்டங்களின் சனங்கள்தான். டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் என்ற அமைப்பு அவர்களில் பலரைக் காடு வெட்டிக் குடியேற்றியது. 83இல் இன்னும் ஒரு கூட்டம் போனது. டொக்டர் அந்த ஜூலையிலேயே வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். போனவர்கள் அங்கேயும் ஊன்றி இருக்க முடியவில்லை. சிலர் கடல் தாண்டினார்கள், சிலர் 2009இல் மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் போனார்கள். உங்கள் அக்கா பிள்ளைகள் யாருடைய பிள்ளைகளோ இல்லை. இந்த லயத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலோ கோயில் கூட்டத்திலோ வயதான ஒருவரை விட்டே இதைச் சொல்ல வையுங்கள். பிள்ளைகளை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு மட்டும் சொல்ல வேண்டாம்.

வலயக் கல்விப் பணிமனையும் கைவிரித்தால், முத்திரை குத்திய அந்தக் கடிதத்தின் பிரதியோடு கண்டியில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். பெயர் எதுவும் போடாமல் இந்தப் பகுதியிலேயே எழுதுகிறேன்.