கேட் திறந்துதான் இருந்தது

அன்புள்ள ஐயா,

அரசியல் தத்துவம் படிக்கும் மாணவன் நான். தத்துவவாதி எசாயா பெர்லினின் சுதந்திரம் பற்றிய உரையை வாசித்தேன். பிறர் என்னைத் தடுக்காமல் இருப்பது எதிர்மறை சுதந்திரம், என் வாழ்க்கைக்கு நானே எஜமானாக இருப்பது நேர்மறை சுதந்திரம் என்கிறார். முதலாவதுதான் உண்மையான சுதந்திரம், இரண்டாவது அரசு நம் வாழ்வில் நுழைய ஒரு சாக்கு என்று தோன்றுகிறது. என் அப்பா பள்ளிபாளையத்தில் தறி வைத்திருக்கிறார். ஆட்கள் விரும்பித்தான் வருகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் போகலாம், கேட் திறந்துதான் இருக்கிறது. இதில் சட்டத்துக்கு என்ன வேலை? அப்புறம், பழைய தத்துவவாதிகளில் ஹாப்ஸிலிருந்து வாசிக்கத் தொடங்கலாமா, மில்லிலிருந்தா?

க.

அன்புள்ள க.,

மில்லிலிருந்து தொடங்குங்கள். ஹாப்ஸ் காத்திருப்பார்.

நேர்மறை சுதந்திரம் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 'உனக்கு எது நல்லது என்று உன்னைவிட எனக்குத் தெரியும்' என்று சொல்லி வதைமுகாம் கட்டியவர்கள் உண்டு. பெர்லின் 1909இல் ரீகாவில் பிறந்தவர். 1917இல் பெட்ரோகிராட் தெருவில் ஒரு போலீஸ்காரரைக் கும்பல் இழுத்துப் போனதைச் சிறுவனாகப் பார்த்தவர். 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் அந்த உரையை நிகழ்த்தியபோது அந்தக் காட்சி மனதில் இருந்திருக்கும். சரி, அதை விட்டுவிடுவோம்.

என்னால் விட முடியாதது உங்கள் கேட்.

என் பெரியப்பா குமாரபாளையத்தில் தறி ஓட்டினார். 1986இல் மகள் கல்யாணத்துக்கு முதலாளியிடம் மூவாயிரம் ரூபாய் முன்பணக் கடனாக வாங்கினார். அதற்குப் பெயர் பாக்கி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை வாயில் வைத்து நூலை உறிஞ்சி இழுப்பார், உதட்டோரம் பஞ்சு ஒட்டியிருக்கும். காது மந்தமாகிவிட்டதால் கத்திப் பேச வேண்டும். பட்டறை வாசலில் கதவே கிடையாது, ஒரு சாக்குப்படுதா மட்டும் தொங்கும். சனிக்கிழமை கூலி போடும்போது முதலாளி நீலக் கோடு போட்ட நோட்டைத் திறப்பார். பெரியப்பா பேரில் ஒரு பக்கம். ஒரு வாரம் இருபது ரூபாய் கழியும், அடுத்த வாரம் அரிசிக்கென்று ஐம்பது ஏறும். மூன்று வருடம் கழித்தும் அந்தப் பக்கத்தில் மூவாயிரத்துக்கு மேல்தான் நின்றது.

பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்குக் கூலி கூட. பெரியப்பா போய்க் கேட்டார். "பழைய பாக்கியைத் தீர்த்துட்டு வா" என்றார்கள். அடுத்த தெருவிலும் அதே பதில். ஒருவர் ஆளை இன்னொருவர் பாக்கி தீராமல் சேர்த்துக்கொள்வதில்லை என்று முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

பெர்லினைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். வறுமையால் ஒன்றைச் செய்ய முடியாமல் போவதையெல்லாம் சுதந்திரமின்மை என்று சொல்லக் கூடாது, பிற மனிதர்கள் வேண்டுமென்றே குறுக்கே வந்தால்தான் அது வற்புறுத்தல் என்பது அவருடைய கறாரான வரையறை. நல்லது. பெரியப்பாவின் வழியில் நின்றது மழையா, வறட்சியா? பெயர் சொல்லக்கூடிய நான்கு மனிதர்களும் ஒரு நோட்டும். நீங்கள் தூக்கிப் பிடிக்கும் எதிர்மறை சுதந்திரத்தின்படியே அவர் சுதந்திரமற்றவர். நேர்மறை சுதந்திரத்தைத் தொடக்கூட வேண்டியதில்லை. இதைக் கவனிக்காமல் கேட் திறந்திருக்கிறது என்று எழுதுகிறீர்களே, படித்த பிள்ளை எழுதுகிற எழுத்தா இது?

உங்கள் வாதம் ஏற்கெனவே ஒருமுறை ஜெயித்தும் இருக்கிறது. ரொட்டிச் சூளைத் தொழிலாளர்களை நாளுக்குப் பத்து மணிநேரம், வாரத்துக்கு அறுபது மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது நியூயார்க் மாநிலச் சட்டம். அது ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்தது. அந்த நிலைப்பாட்டை அந்த நீதிமன்றமே கைவிட 1937 ஆகிவிட்டது.

நம் உச்ச நீதிமன்றம் 1982இல் வேறு விதமாகப் பேசியது. டெல்லியில் ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தினக்கூலி 9 ரூபாய் 25 காசு, அதில் ஆள் கூட்டிவந்த ஜமேதார் ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டார். ஓர் உரிமை அமைப்பு நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதம் வழக்கானது. பசியால் வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புதான், அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்று தீர்ப்பு வந்தது. பெரியப்பா பாக்கி வாங்கியது அதற்கு நான்கு வருடம் கழித்து. அந்தத் தீர்ப்பைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சுதந்திரம் பற்றி மில் எழுதிய 'ஆன் லிபர்ட்டி' நூலில் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் ஏன் செல்லாது என்று அங்கே சொல்கிறார்.

உங்கள் அப்பாவை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நூல் விலையும் பேங்க் கடனும் அவர் கழுத்தையும் பிடித்திருக்கும், தெரியும். ஆனாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார். யார் பேரில் எவ்வளவு நிற்கிறது, எந்த வருடத்திலிருந்து நிற்கிறது என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். பெர்லினைப் பற்றி அப்புறம் பேசலாம்.