தென் பிரான்சுக்குப் போனால் நீஸில் மட்டும் தங்கினால் போதுமா?

பாரிஸில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறீர்கள், ஜூலையில் அம்மாவோடு ஒரு கிழமை தென் பிரான்ஸ், முழுக்க நீஸிலேயே நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வெள்ளவத்தையிலிருந்து அப்படி உறவினர் வீட்டை நம்பிப் போனவள்தான். தயவுசெய்து பாதி நாட்களையாவது உள்ளே இருக்கும் கிராமங்களுக்குக் கொடுங்கள்.

கடற்கரை சுலபம். கான், அந்தீப், நீஸ், மொனாக்கோ, மந்தோன் எல்லாம் ஒரே ரயில் பாதையில் வருகின்றன, கார் தேவையில்லை. நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தண்ணீர் வரை நடப்பது கஷ்டம், மணலுக்குக் கான் போங்கள். பழைய நீஸில் சொக்கா கட்டாயம் சாப்பிடுங்கள். கடலை மாவும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்து விறகு அடுப்பில் சுடுவது. மரக்கறிக்காரருக்கும் ஒத்துவரும்.

ஆனால் எனக்கு மனம் நிறைந்தது கடற்கரையை விட்டு உள்ளே, லுபெரோன் என்ற மலைப்பகுதிப் பக்கத்தில்தான். கோர்ட் என்ற கிராமத்தில் குன்றின் மேல் அடுக்கடுக்காக ஏறும் கல் வீடுகள், ருசியோன் கிராமத்தில் காவி மண்ணின் நிறத்திலேயே சுவர்கள். பகலில் போய்த் திரும்பாமல் ஓர் இரவாவது கிராமத்திலேயே தங்குங்கள். பின்னேரம் சுற்றுலா பஸ்கள் போய்விடும். ஜூலையில் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டும், அதனால் வெயில் தணிந்த பிறகும் வெளிச்சத்தில் ஆறுதலாக நடக்கலாம். ஊர்ச் சனம் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

பஸ் குறைவு, அதனால் அங்கே கார் வேண்டும். வலப்பக்கம் ஓட்ட வேண்டியிருப்பது நமக்குப் புதிது. ஓட்ட ஆளில்லாவிட்டால் பக்கத்து நகரமான அவிஞ்ஞோனில் தங்கி, அங்கிருந்து ஒரு நாள் சுற்றுலா வான் வண்டியில் போகலாம்.

லாவண்டர் பூ வயல்கள் பார்க்க ஆசையென்றால் ஜூலை தொடக்கத்திலேயே போங்கள். அந்த வயல்களுக்குப் பேர்போன வலென்சோலில் மாத நடுப்பகுதிக்குப் பிறகு அறுவடை தொடங்கிவிடும். உயரத்தில் இருக்கும் சோ என்ற ஊர்ப் பக்கம் கொஞ்சம் பிந்திப் பூக்கும்.

இன்னொன்று, பயண ஒழுங்கு. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் அவிஞ்ஞோன் மூன்று மணி நேரத்துக்குள், நீஸ் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆகவே முதலில் அவிஞ்ஞோன், கிராமங்கள், அப்புறம் நீஸ். அங்கிருந்து விமானத்தில் பாரிஸ் திரும்பினால் அம்மாவுக்கும் அலுப்பில்லை. ருசியோனின் காவி மண் நடைபாதைக்கு மட்டும் வெள்ளை உடுப்போடு போகவேண்டாம், அந்தத் தூள் பட்டால் லேசில் போகாது.