தற்காலிக எண் தானாக ஏற, தானாக அழிய: ஸ்மார்ட் பூட்டு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் விருந்தினர் அறையில் அடிக்கடி ஆட்கள் வந்து தங்குகிறார்கள். வாசல் கதவில் இசட்-வேவ் (வீட்டுக் கருவிகள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை) பூட்டு இருக்கிறது, வீட்டில் ஹோம் அசிஸ்டென்ட் (அந்தக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது. வருகிற நாளில் ரகசிய எண் தானாகப் பூட்டில் ஏறி, கிளம்புகிற நாளில் தானாக அழிய என்ன வழி?

பதில்: முதலில் ஸ்லாட்டுகளைப் பங்கு பிரித்துவிடுங்கள். பூட்டு ஒவ்வொரு ரகசிய எண்ணையும் வரிசை எண் போட்ட ஓர் இடத்தில் வைத்துக்கொள்கிறது. அந்த இடம்தான் ஸ்லாட். 1 முதல் 9 வரை வீட்டாருக்கு, 11 முதல் 20 வரை வந்து போகிறவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேஷன், அதாவது ஹோம் அசிஸ்டென்ட்டில் நீங்கள் எழுதும் தானியங்கி விதி, 11-க்குக் கீழே கை வைக்கவே கூடாது. இந்த எல்லை இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் வீட்டாரின் எண்ணே அழிந்து, வாசலில் நிற்க வேண்டியதுதான்.

நேரத்தைக் காலண்டரில் வையுங்கள். இதற்கென்று தனிக் காலண்டர் ஒன்று தொடங்கி, ஒவ்வொருவர் தங்கும் காலத்தையும் ஒரு நிகழ்வாகப் பதியுங்கள். தலைப்பில் ஸ்லாட் எண், விவரப் பகுதியில் ரகசிய எண். குடும்பம் முழுக்கப் பகிர்ந்திருக்கும் இணையக் காலண்டர் இதற்கு வேண்டாம்; ஹோம் அசிஸ்டென்ட்டுக்குள்ளேயே இருக்கும் லோக்கல் காலண்டர் போதும். பிறகு இரண்டு காலண்டர் ட்ரிக்கர்கள் (ஆட்டோமேஷனைக் கிளப்பிவிடும் தூண்டல்கள்). நிகழ்வு தொடங்க 1 மணி நேரம் முன்பு ஒன்று, எண்ணை ஏற்றுவதற்கு. முடிந்து 30 நிமிடம் கழித்து இன்னொன்று, அழிப்பதற்கு. எண் ஏறவில்லை என்றால் ஆள் வாசலுக்கு வருவதற்குள் சரிசெய்ய அந்த 1 மணி நேரம் கைகொடுக்கும். மறந்த சார்ஜரை எடுக்கத் திரும்புகிறவருக்காகத்தான் அந்த 30 நிமிடம்.

சறுக்கும் இடங்கள் மூன்று உண்டு. ஹோம் அசிஸ்டென்ட் காலண்டரை 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் படிக்கிறது. அதனால் ‘இன்னும் 5 நிமிடத்தில்’ என்று நிகழ்வு போட்டுச் சோதித்தால் ட்ரிக்கர் கிளம்பாமலே போகலாம். ‘முழு நாள்’ நிகழ்வாகப் பதிந்தால் கணக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. காலை 11 மணி என்பதே அங்கு இல்லை. மூன்றாவது, ஆட்டோமேஷனின் மோட். ஒருவர் கிளம்பும் நேரமும் அடுத்தவர் வரும் நேரமும் மோதினால், வழக்கமான ‘சிங்கிள்’ மோடில் இரண்டாவது ட்ரிக்கர் கைவிடப்படும். ‘க்யூட்’ (queued) என்று மாற்றிவிடுங்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

கேள்வி: ஆட்டோமேஷன் சரியாக ஓடியதாகப் பதிவு காட்டுகிறது. ஆனால் போன வாரம் தங்கியவரின் எண்ணுக்குக் கதவு இன்னும் திறக்கிறது. ஏன்?

பதில்: இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறோம். எண் ஏறாவிட்டால் வந்தவர் உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். அழியாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டோமேஷன் ஓடியது என்றால் ‘அழி’ என்ற கட்டளை கிளம்பியது, அவ்வளவுதான். பூட்டு அதைக் கேட்டதா என்பது வேறு விஷயம். பேட்டரியை மிச்சப்படுத்தப் பூட்டின் ரேடியோ பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். நொடிக்கு ஒருமுறையோ கால் நொடிக்கு ஒருமுறையோ விழித்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கும். நான்கைந்து ஸ்லாட்டுகளை ஒரே மூச்சில் அழிக்கச் சொன்னால் நடுவில் ஒன்றிரண்டு தவறிப்போகும். ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே 10 நொடி இடைவெளி விடுங்கள். பூட்டு இசட்-வேவின் பழைய பாதுகாப்பு முறையான எஸ்0-வில் சேர்ந்திருந்தால் ஒரே கட்டளைக்குப் பல செய்திகள் போய்வர வேண்டும், நெரிசல் இன்னும் கூடும். புதிய முறையான எஸ்2 வசதி இருந்தால் பூட்டை இசட்-வேவ் வலையிலிருந்து நீக்கிவிட்டு அதில் மறுபடி சேர்க்கலாம். அப்படி நீக்கும்போது சில பூட்டுகள் உள்ளே இருக்கும் எல்லா எண்களையும் துடைத்துவிடும். வீட்டார் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அடுத்த காரணம் ரீஸ்டார்ட். ‘எண்ணை ஏற்று, 3 நாள் காத்திரு, அழி’ என்று டிலே போட்டு எழுதியிருந்தால், நடுவில் ஹோம் அசிஸ்டென்ட் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனாலே அந்தக் காத்திருப்பு மறைந்துவிடும். குறித்த நேரத்தில் மின்சாரம் இல்லாமல் போனாலும் இதே கதிதான். தவறிய ட்ரிக்கர் பிறகு எழுந்து வேலை செய்யாது.

ஆகவே ஒரு சரிபார்ப்பு ஆட்டோமேஷனைத் தனியாக எழுதுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், ஹோம் அசிஸ்டென்ட் எழும் ஒவ்வொரு முறையும் அது ஓட வேண்டும். அதன் வேலை ஒரே ஒரு கேள்வி: 11 முதல் 20 வரை ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் காலண்டரில் இப்போது நிகழ்வு இருக்கிறதா? முன்பின் சேர்த்த 1 மணி நேரத்தையும் 30 நிமிடத்தையும் இந்தக் கணக்கில் மறக்காதீர்கள். இருந்தால் ஸ்லாட் நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும். பொருந்தாத இடத்தில் மட்டும் கட்டளை அனுப்பி, 30 நொடி விட்டு, பூட்டிடமே திரும்பக் கேளுங்கள். திரையில் தெரிவது இசட்-வேவ் ஜேஎஸ் (ஹோம் அசிஸ்டென்ட்டைப் பூட்டோடு இணைக்கும் மென்பொருள்) முன்பு நினைவில் வைத்த மதிப்பு. கட்டளை நிறைவேறியதா என்பதற்கு அதை நம்ப வேண்டாம். ரகசிய எண்களுக்கான இசட்-வேவ் கட்டளைத் தொகுதியான கட்டளை வகுப்பு 99-இல் ‘கெட்’ (படித்துச் சொல்) அனுப்பினால் பூட்டே பதில் சொல்லும். சில பூட்டுகள் எண்ணுக்குப் பதிலாக வெறும் நட்சத்திரக் குறிகளைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் எண்ணை ஒப்பிடாமல், ஸ்லாட் நிரம்பியிருக்கிறதா காலியா என்ற நிலையை மட்டும் ஒப்பிடுங்கள். 3 முறை முயன்றும் காலியாகவில்லை என்றால் உங்கள் போனுக்கு அறிவிப்பு வரட்டும். பத்து ஸ்லாட்டையும் அரை மணிக்கொருமுறை பூட்டிடமே கேட்டால் பேட்டரி தாங்காது. அரை மணிச் சரிபார்ப்பில் திரையில் தெரியும் மதிப்பைப் பாருங்கள்; பூட்டிடமே கேட்கும் முழுச் சரிபார்ப்பு இரவில் ஒருமுறை போதும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இசட்-வேவ் விதிப்படி ஸ்லாட் 0-வை ‘காலி’ ஆக்குவது என்றால் எல்லா எண்களையும் அழி என்று பொருள். காலண்டர் தலைப்பிலிருந்து ஸ்லாட்டை எடுக்கும் டெம்ப்ளேட்டில் (மதிப்பைக் கணக்கிடும் சிறு வாய்ப்பாடு), எண் கிடைக்காவிட்டால் 0 என்று வைத்திருப்பீர்கள். தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை போதும், வீட்டார் எண்கள் உட்பட எல்லாம் போய்விடும். ஸ்லாட் 11 முதல் 20 வரைக்குள் இருந்தால் மட்டுமே மேலே செல் என்ற நிபந்தனையை முதல் வரியிலேயே போடுங்கள்.

கேள்வி: 0451 என்று யாமல் (ஹோம் அசிஸ்டென்ட்டின் அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பில் எழுதினால் பூட்டு ஏற்க மறுக்கிறது. மற்ற எண்களெல்லாம் போகின்றனவே?

பதில்: மேற்கோள் குறி இல்லாமல் 0-வில் தொடங்கி, 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டுமே உள்ள எண்ணை யாமல் எட்டடிமான எண்ணாக (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) படிக்கிறது. 0451 என்பது 297 ஆகிவிடும். பூட்டுக்குப் போவது மூன்று இலக்கம்; குறைந்தது நான்கு கேட்கும் பூட்டு அதைத் தள்ளிவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்; அல்லது 0-வில் தொடங்கும் எண்ணையே தவிருங்கள்.

மறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சில பூட்டுகளில் எல்லா எண்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டும்; நீளத்தை மாற்றினால் இருப்பவை எல்லாம் அழியும். வேறொரு ஸ்லாட்டில் அதே எண் இருந்தாலும் ஏற்காது. விருந்தினரின் போன் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். 100000 முதல் 999999 வரை தற்செயலாக ஓர் எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். அதை ஒரு வேரியபிளில் ஒரே முறை வாங்கிக்கொண்டு, பூட்டுக்கும் விருந்தினருக்குப் போகும் செய்திக்கும் அதையே பயன்படுத்துங்கள். டெம்ப்ளேட்டை இரண்டு இடத்தில் எழுதினால் பூட்டில் ஓர் எண்ணும் செய்தியில் வேறு எண்ணும் போகும்.

கேள்வி: எந்த எண்ணால் கதவு திறந்தது என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். பூட்டு அனுப்பும் அறிவிப்பில் வகை 6, நிகழ்வு 6 என்று வந்தால் விசைப்பலகை வழியாகத் திறந்தது என்று பொருள். கூடவே ஸ்லாட் எண்ணும் வரும். நிகழ்வு 2 என்றால் உள்ளிருந்தோ சாவியாலோ கையால் திறந்தது; யார் என்று அதில் தெரியாது.

கேள்வி: என் பூட்டுக்கு ஹப்பும் இல்லை, வைஃபையும் இல்லை. ஆனாலும் ஆப் தரும் தற்காலிக எண் வேலை செய்கிறதே, எப்படி?

பதில்: அந்த எண்ணைப் பூட்டுக்கு யாரும் அனுப்புவதில்லை. பூட்டும் ஆப்பும் ஒரே ரகசியச் சூத்திரத்தை வைத்திருக்கின்றன. தொடக்க நேரமும் முடிவு நேரமும் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பூட்டு தன் கடிகாரத்தைப் பார்த்து ஏற்கிறது, மறுக்கிறது. கடிகாரம் பிசகினால் சரியான எண்ணும் மறுக்கப்படும். பேட்டரி மாற்றியதும் போனோடு பூட்டின் அருகே போய், ப்ளூடூத் வழியே நேரத்தைச் சரிசெய்யுங்கள். கொடுத்த எண்ணைக் காலத்துக்கு முன்பே ரத்து செய்யவும் பெரும்பாலும் நேரில் போக வேண்டியிருக்கும். ஆகவே குறுகிய காலத்துக்கே கொடுங்கள்.

கேள்வி: பூட்டுக்கு ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?

பதில்: வேண்டாம். நிக்கல் ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். பூட்டு வோல்ட்டை வைத்துத்தான் மிச்சத்தைக் கணக்கிடுகிறது என்பதால் காட்டும் சதவீதம் பொய்யாகிவிடும். லித்தியம் செல் கடைசிவரை நிறைந்ததுபோலவே காட்டி, திடீரென்று நின்றுவிடும். புதிய ஆல்கலைன் செல்களை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம்.