அவள் ஏன் ஓடிப்போகவில்லை?

கேள்வி: 1920-களின் நியூயார்க்கை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி நைட் கிளப்பில் ஆடும் பெண். கிளப்பை நடத்தும் தாதாவோடு அவளுக்குத் தொடர்பு. படித்த நண்பர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: "அவன் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் ஏன் அங்கேயே கிடக்கிறாள்? போலீசுக்குப் போகலாமே, ஊரை விட்டு ஓடலாமே?" காதல் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். கதையை எப்படிச் சரிசெய்வது? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். நண்பர்கள் சிரித்ததில் தப்பில்லை. அவன் பூங்கொத்து அனுப்புகிறான், இவள் மயங்குகிறாள், அப்புறம் அழுகிறாள். அவளுக்கு வாரச் சம்பளம் என்ன, அதை யார் கையால் வாங்குகிறாள் என்று ஓரிடத்திலும் காணோம். நண்பர்கள் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரி 17-ல் தொடங்கி 1933 டிசம்பர் 5 வரை நீடித்தது. சாராயம் காய்ச்சுவது, விற்பது, எடுத்துப்போவது எல்லாம் குற்றம். குடிப்பது குற்றமில்லை! அதனால் பணக்காரன் கோட்டு சூட்டோடு கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்தான். சரக்கு கொண்டுவருகிறவன்தான் சட்டத்துக்குப் பயப்பட வேண்டியவன். சரக்கில்லாமல் நைட் கிளப் ஓடாது, சரக்கோ கும்பல்களின் கையில். போகப் போகக் கிளப்பையே அவர்கள் வாங்கிப் போட்டார்கள். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் புகழ்பெற்ற காட்டன் கிளப் 1923-ல் ஓனி மேடன் என்ற தாதாவின் கைக்கு வந்தது. அவனுடைய பீரை விற்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். ஆட வரும் பெண்ணுக்கு வெளிர் நிறம், ஐந்தடி ஆறங்குலமாவது உயரம், 21-க்குள் வயது வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெண் தாதாவைத் தேடிப் போகவில்லை. ஆட்டம் தெரியும், வேலை தேடினாள், வேலை கொடுத்தவன் தாதாவாக இருந்தான்.

சரி, பிடிக்கவில்லை என்றால் வேறு கிளப்புக்குப் போய்விடலாமே? 1927 நவம்பரில் சிகாகோவில் நடந்ததைக் கேளுங்கள். ஜோ இ. லூயிஸ் என்ற நகைச்சுவைப் பாடகர் கூடுதல் சம்பளத்துக்காகக் கிரீன் மில் கிளப்பை விட்டு வேறொரு கிளப்புக்கு மாறினார். சில நாளில் அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்குள் மூன்று பேர் புகுந்தார்கள். மண்டையில் அடித்து, முகத்தையும் தொண்டையையும் கத்தியால் கிழித்துப் போட்டார்கள். பிழைத்தார், ஆனால் பேசவே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ஏவியது சிகாகோவின் பெரிய தாதா அல் கப்போனின் ஆள் ஜாக் மெக்கர்ன் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பெயர் பெற்ற ஆண் கலைஞருக்கே இந்தக் கதி. வரிசையில் ஐந்தாவதாக நின்று ஆடும் பெண் என்ன செய்வாள்?

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். லெக்ஸ் டயமண்ட் என்ற ரவுடிக்கு நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஹாட்ஸி டாட்ஸி என்றொரு கிளப்பில் பங்கு இருந்தது. 1929 ஜூலையில் அங்கே துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் செத்தார்கள். கூட்டம் நிறைந்த கிளப், பார்த்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாட்சிகளில் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் காணாமலே போனார்கள். காணாமல் போனவர்களில் வாசலில் தொப்பியும் கோட்டும் வாங்கி வைக்கும் பெண்ணும் உண்டு என்று சொல்வார்கள். உங்கள் நாயகிக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒப்பனை அறையில் இதைத்தானே பேசியிருப்பார்கள்! உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் நல்ல இன்ஸ்பெக்டரை நீக்கிவிடுங்கள். அல்லது அவரை அந்தக் கிளப்பிலேயே ஒரு மூலையில் ஓசியில் குடிக்க உட்கார வையுங்கள், அது போதும்.

உங்கள் நாயகிக்கு மிக அருகில் நிற்பவள் இதே டயமண்டின் தோழி கிகி ராபர்ட்ஸ். பாஸ்டனிலிருந்து வந்த மேடை நடனக்காரி. டயமண்டுக்கு ஆலிஸ் என்ற மனைவி இருந்தாள், அவளும் விட்டுப் போகவில்லை. 1930 அக்டோபரில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் கிகியோடு தங்கியிருந்தபோது அவனை ஐந்து குண்டுகள் துளைத்தன, அப்போதும் சாகவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 17-ல் ஆள் கடத்தல் வழக்கொன்றில் விடுதலையானான். அன்று இரவு ஆல்பனி நகரில் மனைவியோடும் நண்பர்களோடும் விருந்து. பாதி இரவில் விருந்திலிருந்து நழுவிக் கிகியைப் பார்க்கப் போனான். விடிவதற்குள் தன் வாடகை அறைக்குத் திரும்பிப் போதையில் தூங்கியவனை இரண்டு பேர் வந்து தலையில் சுட்டுவிட்டுப் போனார்கள். கொன்றது யாரென்று இன்றுவரை நிரூபிக்கவில்லை. கிகி என்ன ஆனாள்? டயமண்டின் காதலி என்ற விளம்பரத்தோடு மேடை ஏறினாள். மனைவி ஆலிஸும் டயமண்டின் பெயரை வைத்துக் காட்சி நடத்தினாள், 1933-ல் புரூக்ளினில் சுட்டுக் கொல்லப்பட்டாள். உங்கள் கதையில் மனைவியே இல்லை. என்னைக் கேட்டால், அந்த விருந்தில் கணவன் எழுந்து போனதைக் கவனித்தும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆலிஸைப் போன்ற ஒருத்தி வந்தாலே கதை நிமிர்ந்துவிடும்.

தப்பித்தவளும் உண்டு. ரூபி கீலர் பதினான்கு பதினைந்து வயதிலேயே எல் ஃபே கிளப்பில் ஆடியவர். (உங்கள் நாயகிக்கு 26 என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதைக் குறையுங்கள், அவள் செய்யும் முட்டாள்தனங்கள் பாதி தானாகப் புரிந்துவிடும்.) ஜானி காஸ்டெல்லோ என்ற ரவுடிக்கு அவரைக் கட்டிக்கொள்ளும் எண்ணம். 1928-ல் ரூபி, அன்றைய பெரும் நட்சத்திரம் ஆல் ஜோல்சனைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு ஹாலிவுட் நாயகியானார். காஸ்டெல்லோ பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தான் என்று கதை சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஊரே அறிந்த நட்சத்திரத்தின் மனைவியைத் தொட்டால் வரும் வம்பு அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கிளப்புக்குள் நடக்கும் காட்சிகளில் கொஞ்சம் சிரிப்பும் வேண்டும். எல் ஃபேயை நடத்திக்கொடுத்த டெக்ஸஸ் கைனன் என்ற அம்மாள், வருகிறவர்களை "ஹலோ, ஏமாளிகளே!" என்றுதான் வரவேற்பார். அதிகாரிகள் கிளப்புக்குப் பூட்டுப் போட்டால், குட்டிப் பூட்டுகளைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு வேறு தெருவில் வேறு பெயரில் கடை திறப்பார். இடையில் சம்பளமில்லாத வாரங்களில் ஆடும் பெண்கள் வாடகைக்கு யாரிடம் கை நீட்டினார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் தாதா அங்கே நுழையட்டும், பூங்கொத்து இல்லாமல்.

கடைசி அத்தியாயத்தில் எதிரிக் கும்பல் காரில் வந்து அவனைச் சுட்டுத்தள்ளப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை நூறு பேர் எழுதியாகிவிட்டது. எல் ஃபேயின் முதலாளி லாரி ஃபே 1933 புத்தாண்டு நாளில் செத்தது எப்படித் தெரியுமா? சம்பளத்தைக் குறைத்துவிட்டான் என்ற கோபத்தில் அவன் கிளப்பின் வாசல்காவலாளியே சுட்டான்.