வளர்ப்புக் கிளி கெட்ட வார்த்தை பேசுகிறது. எப்படி நிறுத்துவது?

விருந்தாளிகள் முன்னால் கிளி கெட்ட வார்த்தை சொல்கிறது, அதட்டினால் இன்னும் கூடுதலாகச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதட்டுவதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். முதல் வேலை அதுதான். ஏன் என்று எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில், ரோட்டோரம். எதிரே த்ரீவீலர் ஸ்டாண்ட். கொழும்பிலிருந்த மாமா வெளிநாடு போகும்போது தன் கிளியை எங்களிடம் விட்டுப்போனார். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, வால் மட்டும் சிவப்பு. பெயர் மணி. வந்த புதிதில் விசிலடிக்கும், மாமாவைப் போலவே இருமும், அவ்வளவுதான். கொஞ்சம் வெயில் படட்டும் என்று கூண்டை முன் விறாந்தையில் தொங்கவிட்டோம். நான்கு மாதத்தில் ஸ்டாண்டில் புழங்கும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. பெண்களை ஏசும் வார்த்தை. இங்கே அதை எழுத மாட்டேன்.

முதல் தடவை கேட்டதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பாயி மட்டும் சிரிக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராத்திரி அம்மாதான் சொன்னார். அப்பாயி 38 வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஐந்து நிமிஷம் பிந்தினாலும், கொழுந்து நிறை குறைந்தாலும், மலையில் வேலையை மேற்பார்க்க நின்ற ஆள் அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பார்த்துக் கத்திய வார்த்தை அதுதானாம். வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்து, சொந்த வீட்டு விறாந்தையில் அதைத் திரும்பக் கேட்டிருக்கிறார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மணி விடவில்லை. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அப்பாயியின் தோள் லேசாகச் சுருங்கும். மணி கழுத்தைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். சில நாளில், மற்றவர்கள் வந்தால் விசில், அப்பாயி வந்தால் அந்த வார்த்தை என்று ஆகிவிட்டது. மணிக்கு அர்த்தம் தெரியாது. இதைச் சொன்னால் இந்த ஆளிடம் ஏதோ நடக்கும் என்பது மட்டும் தெரியும்.

கிளி கூட்டமாக வாழும் பறவை. கூட்டத்தில் உள்ளவை எழுப்பும் ஒலியைத் தானும் எழுப்பி, பதில் குரல் வந்தால்தான் அதற்கு நிம்மதி. வீட்டில் நாம்தான் அதன் கூட்டம். கிளிக்கு நம்மைப் போலத் தொண்டையில் குரல்நாண் கிடையாது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்க்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது, குரல் அங்கேதான் பிறக்கிறது. அதை வைத்துக்கொண்டு எதையும் பிடித்துவிடும். ஆனால் எது சத்தமாகவும் சூடாகவும் சொல்லப்படுகிறதோ, எதற்கு உடனே பதில் வருகிறதோ, அதைத்தான் முதலில் பிடிக்கும். நாம் நல்ல வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்கிறோம். கெட்ட வார்த்தையை உயிரைக் கொடுத்துச் சொல்கிறோம். கிளி எதை எடுக்கும்?

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவில் 2020இல் இதேதான் நடந்தது. வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ஐந்து சாம்பல் கிளிகளை ஒன்றாக வைத்தார்கள். ஒன்று கெட்ட வார்த்தை சொன்னால் மற்றவை மனிதர்களைப் போலவே சிரித்தன. ஊழியர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கப் பேச்சு கூடியது. கடைசியில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தார்கள்.

நாங்கள் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமலிருக்க. அப்பா கூண்டைத் தட்டி "சீ, வாயை மூடு" என்று அதட்டினார். ஒரே வாரத்தில் மணி அந்த வார்த்தையைச் சொல்லி, உடனே அப்பாவின் குரலிலேயே "சீ, வாயை மூடு" என்றும் சேர்த்துக்கொண்டது. அப்புறம் தண்டனையாகக் கூண்டைத் துணியால் மூடினோம். ஓடிவந்து மூடுவதும் அதற்கு ஒரு பதில்தான். இருட்டில் அடைந்து கிடந்து நெஞ்சு இறகைக் கொத்த ஆரம்பித்ததும் பயந்து எடுத்துவிட்டோம். தண்ணீர் தெளிப்பது, அலகில் தட்டுவது எதுவும் வேண்டாம். உங்களிடம் பயம் வரும், வார்த்தை போகாது.

சரி, எது உதவியது? முதலில் கூண்டை விறாந்தையிலிருந்து எடுத்து, ரோட்டுச் சத்தம் வராத நடு அறை ஜன்னலோரம் வைத்தோம். ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன்மாரைக் குறை சொல்ல மாட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பாயிக்காக மிகவும் வருத்தப்பட்டார்கள். இரண்டாவது, அந்த வார்த்தை வந்தால் வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பேச்சை நிறுத்துவதில்லை, எழுந்து போவதுமில்லை. செய்த வேலையை அப்படியே செய்வது. கேட்க எளிது, செய்வது கஷ்டம். வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவைக்க வேண்டும். ஒருவர் சிரித்தாலும் ஒரு வார உழைப்பு போய்விடும்.

மூன்றாவதுதான் முக்கியம். வாயை அடைத்தால் போதாது, அந்த இடத்தில் வேறு ஒன்றை வைக்க வேண்டும். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977இல் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளிக்கு, அது 2007இல் சாகும்வரை நூறுக்கு மேற்பட்ட சொற்களைப் பழக்கியிருந்தார். அவருடைய முறையில் கிளியிடம் நேரே சொல்லிக்கொடுப்பதில்லை. கிளி பார்க்க இரண்டு பேர் பேச வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் சரியாகச் சொல்லிப் பரிசு வாங்க வேண்டும். அதைப் பார்த்துக் கிளிக்குப் போட்டி வரும்.

நானும் அப்பாயியும் அதைச் செய்தோம். தினமும் காலையில் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் கேட்பேன், "தேத்தண்ணி குடிச்சீங்களா?" அவர் நல்ல சத்தமாக, சந்தோஷமாக "குடிச்சாச்சு!" என்பார். உடனே நான் கைதட்டி அவர் கையில் ஒரு கச்சான் (நிலக்கடலை) வைப்பேன். மணி கம்பியோடு ஒட்டிக்கொண்டு கச்சான் போகும் வழியையே பார்க்கும். முதல் மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் மெல்ல முணுமுணுத்தது. "சாச்சு" மாதிரி ஏதோ ஒன்று. அப்பாயி தன் கச்சானை உரித்து அந்த நொடியே கூண்டுக்குள் நீட்டினார். அந்த நொடியே கொடுப்பது அவசியம். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. உப்பில்லாத கச்சான், சூரியகாந்தி விதை எதுவானாலும் சரி, மற்ற நேரத்தில் கொடுக்காமல் இதற்கென்றே வைத்திருங்கள்.

முழுதாக அடங்க ஏழு மாதம் ஆனது. அவசரப்படாதீர்கள். தனியாக விடாதீர்கள், பேச்சுத் துணை இல்லாத கிளி பழைய வார்த்தையைத்தான் தேடும். டிவியில் சண்டைபோடும் நாடகம் ஓடினால் சத்தத்தைக் குறையுங்கள். இன்னொன்று, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை: நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஆனைக்கொய்யா (அவகாடோ) மரம் நிற்கிறது. பரிசு என்று அந்தப் பழத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கிளிக்கு அது விஷம்.

பிடித்த வார்த்தை அடியோடு அழிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். போன மழைக்காலத்தில் அப்பாவும் சித்தப்பாவும் காணி விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். அன்று சாயந்தரம் மணி அந்தப் பழைய வார்த்தையைத் தெளிவாகச் சொன்னது. எனக்குப் பதறியது. அப்பாயி சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கல் பொறுக்கியபடியே கேட்டார், "மணி, தேத்தண்ணி குடிச்சியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "குடிச்சாச்சு" என்றது. அப்பாயி எழுந்து போய்க் கச்சான் டப்பாவைத் திறந்தார்.