கிளிக்கு சிப் வைக்கலாமா? (கடிதம்)

வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு வயது ஆப்பிரிக்கன் கிரே கிளி இருக்கிறது. எடை 430 கிராம். கூடவே ஒரு காக்டெயில் குருவி, 90 கிராம். போன மாதம் கிரே பால்கனி வழியாகப் பறந்துபோய், இரண்டு நாள் கழித்துப் பக்கத்துத் தெரு வேப்பமரத்திலிருந்து இறங்கி வந்தது. இரண்டுக்கும் மைக்ரோசிப் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். "வாயில்லா ஜீவன் நெஞ்சில் ஊசியா?" என்று மாமியார் சண்டைக்கு வருகிறார். சிப் இருந்தால் அடுத்த முறை போனிலேயே இடத்தைப் பார்த்துவிடலாம் என்பது கணவரின் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பெயர் வேண்டாம்.

கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் கணவருக்கு ஓர் ஏமாற்றம். சிப்பில் பேட்டரியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அரிசி அளவு கண்ணாடிக் குப்பிக்குள் 15 இலக்க எண் ஒன்று, அவ்வளவுதான். ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அந்த எண் தெரியும். வேப்பமர உச்சியில் இருக்கும் கிளிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பால்கனிக்கு வலை அடியுங்கள். கூப்பிட்டால் கைக்கு வரப் பழக்குங்கள்.

பிறகு எதற்கு சிப்? பறவை இன்னொருவர் கையில் சிக்கிய பிறகு, அது உங்களுடையது என்று காட்டுவதற்கு. என் காக்டெயில் ஒருமுறை துணி காயப்போடும் நேரத்தில் பறந்துவிட்டது. ஒன்பதாம் நாள், மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் புதுக் கூண்டு சகிதம் உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரர், "நான் காசு கொடுத்து வாங்கினேன் சார்" என்றார். வாசலில் நின்று எங்கள் வீட்டு காலிங் பெல் மெட்டை விசிலடித்தேன். முதல் பாதியை நான் அடிக்க, மறு பாதியை அது முடித்தது. மனிதர் ஒன்றும் பேசாமல் கூண்டைத் திறந்தார். அன்று அதற்குப் பாட மனமில்லாமல் போயிருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பேன்.

உங்கள் கிரேவுக்கு வையுங்கள் என்பேன். விலை அதிகம், திருடுபோகும் பறவை. அடையாள எண் பொறித்துக் காலில் மாட்டும் வளையத்தைக் கட்டர் வைத்து நறுக்கிவிடலாம். மார்புத் தசைக்குள் இருக்கும் சிப்பை எடுக்க அறுவைதான் செய்ய வேண்டும். சட்டமும் இருக்கிறது. வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் சைட்டிஸ். 2017 முதல் கிரே அதன் முதல் பட்டியலில் உள்ள பறவை. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் சிப்பை விட அதுதான் அவசரம்.

காக்டெயிலுக்கு வேண்டாம். இந்த விஷயத்தில் நான் உங்கள் மாமியார் பக்கம். பறவையின் உடம்பில் ரத்தம் ஏறக்குறைய எடையில் பத்தில் ஒரு பங்கு. 90 கிராம் குருவிக்கு 9 மில்லி. அதில் ஒரு மில்லி போனாலே கவலைப்பட வேண்டும். சிப் ஊசியோ சாதாரணத் தடுப்பூசி ஊசியை விடப் பல மடங்கு தடிமன். கிரேவுக்கு அந்த ஆபத்து குறைவு. இன்னொன்று, காக்டெயில் சைட்டிஸ் பட்டியலிலேயே இல்லை, எனவே பதிவுத் தொல்லையும் கிடையாது. வளையம் போதும். அது கூண்டுக் கம்பியில் மாட்டுகிறதா, கால் வீங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பறவைகளுக்கென்று வரும் சின்ன சிப், 8 மில்லிமீட்டர் நீளத்தில், அவரிடம் உண்டா? ஊசிக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து எண்ணைக் காட்டுவாரா? எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் சிப் வைத்து அனுப்பிவிட்டார்கள், படிக்க ஸ்கேனரே அங்கே இல்லை! அப்புறம், எண்ணுக்குள் உங்கள் பெயரோ முகவரியோ இருக்காது. எந்தப் பதிவேட்டில் எந்த போன் நம்பரோடு ஏற்றுகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நம்பரை மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஊசி போடும் நாளில் துண்டால் சுற்றிப் பிடிக்கும் வேலையை டாக்டரின் உதவியாளரிடம் விட்டுவிடுங்கள். ஈரப் பஞ்சால் இறகை ஒதுக்கி, ஊசி போட்டு, ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள். கிரே யார் பிடித்தார்கள் என்பதை மறக்காது. முடிந்ததும் உள்ளே போய் ஒரு நிலக்கடலையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.